மேல வந்து பேசறனுங்க

"யார்கிட்டயாவது பேசணுங்களா?"

ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இளம் டாக்டர் குனிந்து கேட்டான்.

கட்டிலில் இருந்தவர் தலையாட்டினார். ஒரு மூச்சு இழுக்கத் தோளும் கழுத்தும் சேர்ந்து உழைத்தன.

சென்னியப்பன். டவுன் பஸ் டிரைவர். பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானம் குடித்த கஞ்சி வாந்தியில் திரும்பி, புரையேறி, நுரையீரலுக்குள் போய்விட்டது. சாயங்காலம் உதடு நீலம் பாரித்தது. வார்டு சிஸ்டர் ஜெனிட்டா பார்த்த மாத்திரத்தில் போன் போட்டு அவனுடைய குழுவைக் கூப்பிட்டுவிட்டாள்.

வார்டில் ஒருவர் சட்டென்று மோசமானால் ஓடிவருகிற குழு. இதயம் நின்றபின் வந்து பயனில்லை. நிற்பதற்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

வந்துவிட்டார்கள்.

தொண்டைக்குள் குழாய் போட்டே ஆக வேண்டும். போட்டால் பேச்சு போய்விடும்.

திரும்பி வருமா என்று அவனுக்குத் தெரியாது. அதனால்தான் கேட்டான்.

செல்போன் தலையணைக்கு அடியில் இருந்தது. சென்னியப்பன் அதை உருவி நீட்டினார். ஜெனிட்டா வாங்கி, அவர் காட்டிய பெயரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவர் வாயருகே பிடித்தாள்.

குணவதி. அவர் மனைவி.

உடனே எடுத்தாள். பின்னால் ஜனக்கூட்டத்தின் இரைச்சல். நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரம்.

"ஏனுங்க, வந்துட்டே இருக்கறனுங்க. கீழ லிஃப்ட்டுக்கு ஒரே கூட்டம். மேல வந்து பேசறனுங்க, வெச்சிருங்க."

வைத்துவிட்டாள்.

சென்னியப்பனின் வாய் திறந்தபடி இருந்தது. சொல்ல வந்தது உதடு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

ஜெனிட்டா மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது.

"லிஃப்ட்ல ஏறியிருப்பாங்க டாக்டர்."

மயக்க மருந்து ஊசி அவன் கையில் தயாராக இருந்தது. திரையில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் காத்திருந்தான்.

காத்திருக்கக் கூடாது. அவனுக்குத் தெரியும்.

வார்டுக் கதவு திறந்தது. யாரோ ஒருவர் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, வேறு கட்டிலுக்குப் போனார்.

கதவு மூடியது.

"டாக்டர்." ஜெனிட்டா அவ்வளவுதான் சொன்னாள்.

சென்னியப்பனும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவருகிறவர்களுக்காக வண்டியை நிறுத்தி வைத்துப் பழகியவர். எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்ணை இவன் பக்கம் திருப்பினார்.

"வந்துருவா," என்றார் முகமூடிக்குள். "நீங்க பாருங்க."

அவன் ஊசியை ஏற்றினான்.

குணவதி மாடிக்கு வந்தபோது தள்ளுவண்டி வார்டைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. புது ரேசர், சோப்பு. இந்தத் தாடியோடு வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

யாருக்கோ அவசரம் என்று நினைத்து, அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

முகம் தன்னைக் கடந்து போன பிறகுதான் அது அவர் என்று அவளுக்குத் தெரிந்தது.

சென்னியப்பன் கண் விழிக்கவில்லை. சில நாள் அப்படியே கிடந்து, ஒரு முற்பகலில் போய்விட்டார்.

உறவுக்காரர்கள் கீழே வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, அவள் அவனைத் தேடி வந்தாள். அவன் கைகழுவிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் தம்பி. அன்னிக்கு எனக்குப் போன் வந்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே."

"இருந்தேங்க."

"என்ன சொல்லக் கூப்பிட்டாருங்க?"

"தெரியலைங்க. மூச்சு வாங்குச்சு, அவரால சொல்ல முடியலை."

அவள் தலையசைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை.

"நான் என்னங்க சொன்னேன்? எத்தனை யோசிச்சும் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது."

குழாயை மூட மறந்திருந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அவனுக்கு மறக்கவில்லை. படுத்தாலும் அதுதான் காதில் கேட்டது.

"வந்துட்டே இருக்கறேன்னு சொன்னீங்க."

"அப்பறம்?"

"அவ்வளவுதாங்க."

"அவரு கேட்டாருங்களா?"

"கேட்டாருங்க. வந்துருவான்னு சொன்னாரு."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எட்டி, குழாயை மூடினாள்.

"சரிங்க தம்பி. நீங்க சொன்ன மாதிரியே வெச்சுக்கறனுங்க."