நீலாவதி டீச்சரை மாத்தாதீங்க

"மேடம், நீலாவதி டீச்சரை மட்டும் மாத்திடாதீங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

நாற்காலியைக் காட்டியும் முத்துவீரன் உட்காரவில்லை. மகள் படிக்கும் பள்ளிக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. விடியுமுன் படகேறும் பிழைப்பில் இந்தப் பக்கம் எங்கே தலைகாட்ட முடிகிறது?

தலைமையாசிரியை விஜயகுமாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நான் இங்க மாறுதலாகி வந்தே ரெண்டு நாள்தாங்க ஆகுது. இன்னும் யார் பேரும் பிடிபடலை. ஏன் இவ்வளவு பதறுறீங்க?"

"பதறாம என்ன செய்றது மேடம்? நாங்க நிக்கோபார்ல கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஆளுங்க. போன வருசம்தான் இந்த அந்தமான் வண்டூருக்கு வந்தோம். எம் மக சௌமியாவுக்குத் தமிழை விட்டா வேற தெரியாது. இங்க கிளாஸ்ல பூரா ஹிந்தி. ஆறு மாசம் பிள்ளை வாயே தொறக்கலை. சரி, இவளுக்குப் படிப்பு ஏறாது, வீட்டுல தம்பியைப் பாத்துக்கட்டும்னு நிறுத்தவே இருந்தேன்."

"அப்புறம்?"

"அந்த மகராசிதான் காப்பாத்துனாங்க! தெனமும் சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்கார வெச்சு, ஹிந்திப் பாடத்தை எல்லாம் தமிழ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. இப்ப எம் மக படகுத்துறை ஜெட்டி போர்டைப் படிச்சு, கப்பல் என்னிக்குன்னு எனக்கே சொல்றா மேடம்!"

பெற்றவனே கைகழுவ இருந்த பிள்ளையை முன்பின் தெரியாத ஒருத்தி கரையேற்றிவிட்டாள். அந்த நன்றியை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்?

"அடுத்த கப்பல்ல டீச்சர் கடைசித் தீவுல இருக்கிற காம்பெல் பேக்குப் போறாங்களாம். டிரான்ஸ்ஃபராம். நேத்திலேருந்து சௌமியா சோறு தண்ணி இல்லாம அழுவுறா. ஊர்க்காரங்க கையெழுத்து வேணுமா மேடம்? இப்பவே வாங்கியாறேன்."

ஆசிரியர் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார் விஜயகுமாரி. அந்தப் பெயரே இல்லை. ஆயா ரெங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீலாவதியா? இதோ கூட்டியாறேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள் ரெங்கம்மா.

முத்துவீரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகூப்பியபடி வாசலைப் பார்த்து நின்றான்.

"கூப்பிட்டீங்களா மேடம்? என் டி.சி. எழுதியாச்சா? காம்பெல் பேல டூட்டி சேர நாளாயிடுச்சுன்னு எங்கப்பா அவசரப்படுறாரு."

ரெட்டைச் சடையும் முன்பல் விழுந்த வாயுமாக நின்ற மூன்றாம் வகுப்பு நீலாவதியைப் பார்த்த பிறகும், கூப்பிய கையை இறக்க முத்துவீரனுக்கு மனம் வரவில்லை.