மரத்துப் போகிற மருந்து

வாயைத் திறக்கச் சொன்னதுமே பானுமதி முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டரெல்லாம் வேணாங்க பாய். அந்த டியூபை மட்டும் குடுத்துடுங்க, பஸ்சு வந்துடும்."

இண்டூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷா, கையில் எடுத்த டியூபை மறுபடி டிராயருக்குள் போட்டு மூடினார். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல் அது. தடவினால் அரை மணி நேரத்துக்கு உதடும் கன்னமும் நாக்கும் மரத்துக் கிடக்கும்.

நான்கு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து ஒன்று வாங்கிப் போகிறாள். அதற்கு முன்பெல்லாம் திங்கட்கிழமைகளில் தொண்டை கம்மிப்போய் வருவாள். சப்பினால் குளிர்ச்சியாக இருக்கும் வில்லைகள் வாங்குவாள். ஜெல் வாங்க ஆரம்பித்ததிலிருந்து வில்லை கேட்பதில்லை. நோய் தொண்டையிலிருந்து வாய்க்கு வந்துவிட்டது என்று பாஷா முடிவு கட்டியிருந்தார்.

அவர் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் அப்சலுக்கும் கன்னத்தின் உட்புறம் ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பித்தது. ஏழு மாதம் இதே ஜெல்லை இதே கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் பாஷா. வலி தெரியாததால் அப்சல் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கடைசியில் பெங்களூருக்குக் கொண்டுபோனபோது, தாடையைப் பாதி எடுத்தாலும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு முறை அந்தத் தப்பைச் செய்வதில்லை என்று பாஷா உறுதியாக இருந்தார். அதனால்தான் தர்மபுரியில் பல் டாக்டராக இருக்கும் அப்சலின் மகள் அன்ஜுமை இன்று கடைக்கே வரவழைத்திருந்தார்.

அன்ஜும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பானுமதியைத் தன்மையாக உட்காரச் சொன்னாள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணைப் பார்க்காமல் விடக்கூடாது, சீக்கிரம் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொன்னாள். பானுமதி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இப்ப எந்த இடத்துல வலிக்குதுக்கா?"

"இன்னிக்கி வலியில்லீங்க."

பாஷாவுக்குக் கோபம் வந்தது. அப்சலும் இப்படித்தான் சொல்வார்.

அவள் கணவன் மாதப்பனுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவான். அவன் முன்னால் முகம் சுளிக்காமல் பேசவும் சாப்பிடவும்தான் இவள் சனிக்கிழமையாகப் பார்த்து ஜெல் வாங்குகிறாள் என்பது பாஷாவின் கணக்கு. அப்சலும் பெண்டாட்டியிடம் கடைசிவரை மறைத்தவர்தான்.

"உன் வூட்டுக்காரரு நம்பர் எங்கிட்ட இருக்கும்மா. நான் பேசறேன். அவரே வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போவட்டும்."

அவர் போனை எடுத்ததும் பானுமதியின் முகம் வெளுத்துவிட்டது. மேசைக்குக் குறுக்கே எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரிய வேணாங்க பாய். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அப்ப வாயைக் காட்டு."

வேறு வழியில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அன்ஜும் கையுறை மாட்டி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். கழுத்தை விரலால் அழுத்தி, கட்டி இருக்கிறதா என்று தடவினாள்.

பாஷா சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. பெங்களூரில் டாக்டர் வெளியே வந்து சொல்லும்வரை இப்படித்தான் நின்றிருந்தார்.

"சாச்சா," என்றாள் அன்ஜும். "புண்ணே இல்ல."

அவர் சட்டென்று திரும்பினார்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன். கட்டியும் இல்ல, வெள்ளைத் திட்டும் இல்ல. முன்பல்லு ஒண்ணு ஆடுது, அவ்வளவுதான்."

பாஷா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது கண்ணும் சேர்ந்து துடைபட்டது. பிறகு சிரித்தார்.

"நாலு மாசமா என்னைத் தூங்க விடாமப் பண்ணிட்டியேம்மா. இனிமே இந்த டியூபு பக்கமே வராத. போ, போயி வூட்டுக்காரருக்கு நல்லதா நாலு ஆக்கிப் போடு."

பானுமதி எழுந்திருக்கவில்லை. தர்மபுரிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் ஒவ்வொருவரையும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

"இன்னும் வரல," என்று முணுமுணுத்தாள். பிறகு பாஷாவைப் பார்த்துக் கை நீட்டினாள். "இன்னிக்கி ஒரு நாளைக்காவது குடுத்துடுங்க பாய்."

பாஷாவின் சிரிப்பு நின்றது. அன்ஜும் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"புண்ணும் இல்ல, வலியும் இல்ல. அப்புறம் எதுக்குக்கா மருந்து?"

பானுமதி முந்தானையால் மறுபடி வாயை மூடிக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முன்னாடியே மரத்துப் போயிருந்தா, அவரு அடிக்கறப்ப கத்தாம இருந்துக்கலாம்ங்க, புள்ளைங்க முழிச்சுக்காது."