பிரம்மச்சாரிக் கட்டணம்

"அக்கா, பொய் மட்டும் சொல்லிடாதீங்க. மத்தபடி என்னைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் நல்லதாச் சொல்லுங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான் அய்யாவு.

வீரம்மாவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை. கடைக்குப் பின்னாலிருந்த அறையில் குடியிருப்பவன்தான் அய்யாவு. அவளுக்குக் கூடப் பிறக்காத தம்பி. ரயில்வே பட்டறையில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் பழைய மோட்டார் கார் ஒன்று வாங்கியிருந்தான். கிள்ளான் பட்டணத்துக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. வாங்கிய நாளிலிருந்து அது கொட்டகையை விட்டு நகரவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறக்கக்கூடாதே!

இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டாரைப் பற்றிக் கேட்டது கொஞ்சம், அய்யாவுவைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். வயசு என்ன, குடிப்பாயா, கண் நன்றாகத் தெரியுமா, முன்கோபம் உண்டா என்று ஒரு பாட்டம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். கல்யாணம் ஆகாதவன் என்றால் கட்டணம் இரண்டு பங்காம். பெண்டாட்டி உள்ளவன் பார்த்து ஓட்டுவானாம், தனிக்கட்டைக்கு உயிர்மேல் பயமிருக்காதாம். யார் கண்டுபிடித்த நியாயமோ! இரண்டு பங்கு கட்ட அய்யாவுவிடம் வழியில்லை. மோட்டாரை விற்றுவிட்டு மறுபடியும் பட்டறைக்குத்தான் போகவேண்டும். விசாரிக்க ஆள் வரும், அக்கம்பக்கத்தில் நல்லபடியாகச் சொன்னால் பார்க்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஆள் எப்போது வருவான் என்று கேட்டுவரத்தான் அய்யாவு போயிருந்தான். அவன் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் தலைப்பாகையும் கோட்டுமாக ஒருவர் வந்தார். கடைக்குள் நுழையாமல் நேரே கொட்டகைக்குப் போய், மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றினார். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். கோட்டு அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் குனிந்து அடியிலும் எட்டிப் பார்த்தார்.

வந்தேவிட்டானய்யா என்று வீரம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, முதலில் காப்பி சாப்பிடுங்கள் என்றாள்.

"அதெல்லாம் அப்புறம்மா. தம்பியைப் பத்தி நாலு வார்த்தை விசாரிச்சுக்கிறேன்."

காப்பிக்கு மயங்குகிற ஆள் இல்லை. வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானாள்.

குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். கள்ளுக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்கமாட்டான், காய்கறி வாங்கச் சுற்றித்தான் பாசாருக்குப் போவான் என்றாள். உடம்புக்கு ஏதாவது? கல்லைத் தின்றாலும் செரிக்கும். கண்? நிலா வெளிச்சத்தில் ஊசி கோப்பான். பொழுது சாய்ந்தால் வெளியே சுற்றுவானா? கோழி அடைகிற நேரத்துக்கு அவனும் அடைந்துவிடுவான். அவள் சொன்னதில் பொய் என்று ஒன்றும் இல்லை, கொஞ்சம் மாவு கூடுதலாகப் போட்ட பலகாரம், அவ்வளவுதான்.

"கோபம் எப்படி?"

"கோபமா? நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்யா, சிரிச்சுக்கிட்டே நிப்பான். ரொம்பப் பயந்த சுபாவம். மோட்டார்ல ஹார்ன் அடிக்கக்கூடக் கூச்சப்படுவான், பாத்துக்குங்களேன்."

அவர் முகம் மலர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்பானா என்றார். கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான் என்று அடித்துச் சொன்னாள்.

எல்லாம் சொல்லியாயிற்று. அடுத்த கேள்வி கல்யாணம் பற்றித்தான். பொய் சொல்லாதே என்று அந்தப் படுபாவி வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறானே! ஆனால் அவர் அதைக் கேட்கவே இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் திருப்திம்மா. இப்ப அந்தக் காப்பியைக் கொண்டாங்க, சீனி தூக்கலா."

வீரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனுசன் முக்கியமான கேள்வியை மறந்தேபோனான்! பத்துமலை முருகனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காப்பியோடு சூடாக வடையும் வைத்தாள்.

அவர் வடையைப் பிட்டு வாயில் போடும்போதுதான் அய்யாவு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். பின்னாலேயே கழுத்தில் டையும் கையில் பென்சிலுமாக இன்னொருவர்.

"அக்கா, நம்ம நல்ல நேரம், கையோட கூட்டியாந்துட்டேன். இவர்தான் இன்சூரன்ஸ் கம்பெனி ஐயா."

வீரம்மா டை கட்டியவரைப் பார்த்தாள். வடை தின்கிறவரைப் பார்த்தாள்.

கம்பெனிக்காரர் நின்றபடியே பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "முதல்ல முக்கியமானது. இவருக்குக் கல்யாணம் உண்டா, இல்லையா?" என்றார்.

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று வீரம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

தலைப்பாகைக்காரர் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வர்ற தை மாசம் கல்யாணம்னு எழுதிக்குங்க. இந்தம்மா எப்பவோ தரகர்கிட்ட பொண்ணு பாக்கச் சொல்லி வச்சதை அவங்களே மறந்துட்டாங்க போல, மாப்பிள்ளையை விசாரிக்கத்தான் கேரி தீவுலேருந்து வந்தேன், எனக்குப் பூரணச் சம்மதம். ஆனா ஓட்டுறவங்க பேருல எம் பொண்ணு தங்கமணியை முதல்ல எழுதிடுங்க, எங்க தோட்டத்து லோரியையே அவதான் ஓட்டுறா!"