கலர்

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

அப்படி உட்காரச் சொன்னது யாருமில்லை. கடைக்கார சிக்கந்தர் பாய் புதுக் கேமராவை இன்னும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை. மேலே கன்னங்கரேலென்ற முகம்.

இந்தக் கடைக்கு வரும்போதெல்லாம் இப்படித்தான் உடுத்தி வருவார். மனைவி பொற்கொடி அப்படித்தான் கூட்டிவருவாள். அவள் இல்லாமல் வருவது இதுதான் முதல் தடவை.

பாய்தான் போன் செய்திருந்தார். "அண்ணே, அக்கா கேட்டது வந்திருக்கு. நீங்க வாங்கணும்னு இல்ல. சொல்லாம இருக்க எனக்கு மனசு கேக்கல."

விருதுநகரிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார்.

அவர்கள் ஸ்டுடியோவில் படம் எடுத்தது அவள். குடை விளக்கைத் தூக்கிப் பிடித்தது அவர். கல்யாண வீட்டில் யாராவது "சார் யாரு?" என்று கேட்டால், "நம்ம லைட்பாய். சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான்" என்பாள்.

புதுக் கேமரா வந்தால் ஊரில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் முந்திக்கொண்டு வாங்குவார்கள். வாசலில் பேனர் கட்டுவார்கள்.

அவள் அசைய மாட்டாள்.

கொஞ்ச நாள் போகட்டும் என்பாள். பிறகு ஒரு காலையில் அவருக்கு வேட்டி சட்டையை எடுத்து வைப்பாள். இந்த நாற்காலியில், இந்த ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரே ஒரு படம் எடுப்பாள்.

முகம் தெரிந்தால் வேட்டி மடிப்பு வெளுத்துப்போகும். மடிப்பு தெரிந்தால் முகம் இருட்டில் முங்கிவிடும். சில கேமராக்கள் இரண்டையும் காப்பாற்றும். ஆனால் முகத்துக்குத் தானாகவே ஒரு பூச்சுப் பூசிவிடும்.

"இது யாருங்க? உங்க சித்தப்பா மகனா?" என்று படத்தை அவரிடம் காட்டுவாள்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "அடுத்தது வரட்டும் பாய்."

"அக்கா, நீங்க கேமரா பாக்க வந்தீங்களா, மருமக பாக்க வந்தீங்களா?"

"மருமகளா இருந்தா இவ்வளவு பாக்க மாட்டேன்."

டீ வரும். குடித்துவிட்டுப் பழைய கேமராவோடு ஊர் திரும்புவார்கள். அது செய்யாததை வெளிச்சத்தை வைத்தே செய்துகொள்வாள். "கொஞ்சம் கீழ இறக்குங்க. இன்னும் கீழ. ம், அங்கேயே."

அவர் கை வலிக்கும். ஆனால் அந்த 'ம்' வரும்போது எதிரே நிற்கும் பெண்ணின் கன்னத்தில் ஏதோ ஒன்று திறந்துகொள்வது அவருக்கும் தெரியும்.

மணப்பெண்கள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். "அக்கா, கொஞ்சம் கலரா எடுங்க."

கலர் என்றால் வெளுப்பு. எல்லோருக்கும் தெரியும். மற்ற இடங்களில் கம்ப்யூட்டரில் ஓர் இழுப்பு. முடிந்தது.

அவள் சொல்வாள்: "உன்னோடதும் கலர்தாம்மா. அதத்தான் எடுக்கப்போறேன்."

அவள் ஸ்டுடியோவில் கண்ணாடி உண்டு, சீப்பு உண்டு. பவுடர் டப்பா கிடையாது. கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆல்பம் வாங்க வந்த ஓர் அப்பா, மகளின் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். பொற்கொடி உள்ளே போய்விட்டாள். அந்த மாதிரி நேரங்களில் நிற்க மாட்டாள்.

பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்தாள். ஸ்டுடியோ மூடியது. அந்த இடத்தை மொபைல் கடைக்குக் கேட்டு ஆள் வந்துபோயிற்று. ஆவணிக் கல்யாணங்களுக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

நாகஜோதி என்ற பெண் மட்டும் போனில் அழைத்தாள். "நீங்களே எடுங்க மாமா. அக்கா கூடவே நின்னவர்தானே."

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

பாய் கேமராவை உயர்த்தினார். அழுத்தினார். திரையைப் பார்த்தார். அவரிடம் நீட்டினார்.

அவர் முகம்.

கறுப்பு அப்படியே கறுப்பாக இருந்தது. அதற்குள் நெற்றியில் ஒரு கறுப்பு, கண்ணுக்குக் கீழே வேறொரு கறுப்பு, கழுத்தில் வியர்வையின் மினுக்கம். வேட்டியின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக விழுந்திருந்தது.

இப்படி ஒன்று வரும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இப்போது அது கையில் கனத்தது.

பாய் தொண்டையைச் செருமினார்.

"இப்ப வேணாம்ணே. புதுசு, வெல கூடுதல். தீபாவளிக்கு எறங்கிரும். உங்களுக்கென்ன அவசரம்?"

விற்க வேண்டியவர் சொன்னார். நல்ல மனிதர்.

தீபாவளிக்குள் ஸ்டுடியோ மொபைல் கடையாகியிருக்கும். நாகஜோதியை யாராவது வெளுப்பாக்கியிருப்பார்கள். அவரும் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

பொற்கொடிக்குப் பொறுமை அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சிலர் கஞ்சத்தனம் என்பார்கள்.

அவள் விலை இறங்கக் காத்திருந்ததே இல்லை.

"நீங்க உக்காருங்க பாய்."

"நானா? சவரம்கூடப் பண்ணலண்ணே."

"பரவால்ல."

பாயும் கறுப்புதான். தலையில் வெள்ளைத் தொப்பி. அவர் பாயின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். நின்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

வலது கை தானாக மேலே போயிற்று. குடையைத் தூக்கிப் பிடிக்கிற உயரத்துக்கு.

அங்கே பிடிக்க ஒன்றுமில்லை.

கையை இறக்கிக் கேமராவின் மேல் வைத்தார்.

"ம்" என்றார். அழுத்தினார்.

திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் எட்டிப் பார்த்ததைக் கவனிக்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஓர் எண்ணைத் தேடினார்.

"நாகஜோதியா? மணமேடைக்கு எந்தப் பக்கம்மா ஜன்னல்?"