தேறிய பாடம்

வாசிக்கும் பிள்ளைக்குச் சங்கடம் வந்தால் கையில் கட்டிய உணர்வறி பட்டை சிவக்கும். அந்தப் பாடம் நீக்கப்படும். அதுதான் வரலாற்றுப் பாடத்துக்கு இப்போதைய விதி. பாடத்தரக் குழு உறுப்பினரான கோமதி, தாழ்த்தப்பட்டோருக்கு டீக்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்ததைப் பற்றிய பாடத்தை வீட்டிலேயே சோதித்தாள். மகள் வதனிக்கு ஒரு பட்டை கட்டிவிட்டு, தானும் ஒன்று கட்டிக்கொண்டாள். வதனி பாடத்தை உரக்க வாசித்து முடித்தாள். அவள் பட்டை பச்சையாகவே இருந்தது.

"படிக்கறப்ப ஒரு மாதிரியா இல்லியாடி?"

"இதுல என்னம்மா இருக்கு? நாமளும் பவுனக்காவுக்குத் தனி டம்ளர்தானே வெச்சிருக்கோம்."

அடுக்களையில் வேலைக்காரி பவுன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்ப இந்தப் பாடம் பாஸ்தானேம்மா?"

கோமதி, சிவந்துபோன தன் பட்டையை முந்தானையால் மூடிக்கொண்டு, "பாஸ்தான்" என்றாள்.