பதினோரு புதுக்காசு

அன்றைக்கும் அவள் நீட்டியது புத்தம் புது இருபது பைசாதான். தங்கத்தில் அடித்ததுபோல் மஞ்சளாக மின்னியது. கண்டக்டர் கருப்பணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"டிக்கெட் வேணாம். இந்தா, முள்ளிப்பாடிதான" என்றாள் வழக்கம்போல மெதுவாக.

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பஸ்ஸே அதிரும்படி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இவள் சொன்னால் மட்டும் அவனுக்கு அது உரிமையாகப் பட்டது. ஆனாலும் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தான்.

1968-இல் அந்த மஞ்சள் காசு அப்போதுதான் வந்திருந்தது. புதுக்காசு என்றால் கருப்பணனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். லீவு நாளில் திண்டுக்கல் பேங்கில் கால் கடுக்க நின்றும் பார்த்துவிட்டான். தீர்ந்துபோச்சு என்று கேஷியர் கையை விரித்துவிட்டார். பஸ்ஸில் விழும் சில்லறையோ அத்தனையும் தேய்ந்த காசு.

இவள் ஒருத்திதான் வடமதுரை பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஒன்று கொண்டுவருகிறாள். தன் ஆசை இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து யோசித்தே அவனுக்குத் தூக்கம் போயிற்று.

"இதெல்லாம் எங்கிட்டுக் கெடைக்குது?" என்று முந்தாநாள் கேட்டும் பார்த்தான்.

"எங்க சித்தப்பா பேங்க்குல வாங்கியாந்து குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கம் என்று முடிவு கட்டிவிட்டான் கருப்பணன்.

இப்போதும் தன் சொந்தக் காசில் இரண்டு பத்துப் பைசாவை எடுத்துத் தோல்பையில் போட்டான். அதன் பிறகுதான் அவள் காசைச் சட்டைக்குள் இருந்த பல்பொடி டப்பாவில் போட்டான். ஒரு நாளும் இதில் தவறியதில்லை.

ஏனென்றால் முதலாளி சடையாண்டி அப்படிப்பட்டவர். வசூல் காசைச் சட்டையில் போட்டார்கள் என்று போன மாசம்தான் இரண்டு கண்டக்டர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். இப்போதெல்லாம் சாயங்காலம் பையைத் தாமே கொட்டி, காசைக் கையால் அளைந்து அளைந்து பார்க்கிறார். வேலை போனால் கருப்பணன் வீட்டில் உலை கொதிக்காது. அப்புறம் பெண் யார் கொடுப்பார்கள்?

இன்றைக்கு முதலாளியே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். டிரைவருக்குப் பின் சீட்டில், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். நடுவில் நாலு சீட் காலி. பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

கருப்பணன் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான்.

"இது என்னங்க?" என்றாள் அவள்.

"எல்லாம் நீங்க குடுத்ததுதான். எண்ணிப் பாருங்க, பதினொண்ணு இருக்கும்."

அவள் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். அவள் முகம் சிவந்துபோனது. கருப்பணனுக்குக் கல்யாண மேளம் காதில் கேட்டது.

"அப்ப, ஒண்ணக்கூடப் பையில போடலியா?"

"எப்படிங்க போடுவேன்? எங்காத்தா மேல சத்தியமா ஒண்ணக்கூடப் போடல!"

அவள் டப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேரே முன் சீட்டுக்குப் போய், முதலாளியின் முகத்திலிருந்த துண்டை இழுத்தாள்.

"எந்திரிங்க சித்தப்பா, பதினொண்ணும் இவருகிட்டதான் இருக்கு!"