கோச் சொன்னது

“இத்தனை வருஷமா பசங்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லித் தர்றேன். இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை. இதை அப்படியே சொல்லுங்க, ரூய் டீச்சர்!”

துவான் கோச் தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார்.

ரூய் பக்கத்தில் இருந்த செர்பியாக்காரரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். “பையனோட கை பரவாயில்லைன்னு கோச் சொல்றார்.”

ஸோரான் தலையாட்டினார். பெல்கிரேடில் உள்ள ஒரு கிளப்புக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. அங்கே இளைஞர் அணியில் ஓர் இடம் காலி. அதற்கு இந்தப் பையன் செங்யூ தேறுவானா என்று பார்க்கச் சீனாவின் லியாவ்நிங் வரை வந்திருந்தார். அவரோடு வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் பனியில் ரயிலோடு மாட்டிக்கொண்டார். அதனால் துவான் கோச் விளையாட்டுப் பள்ளியின் ஆங்கில டீச்சரை வகுப்பிலிருந்து இழுத்துவந்து நடுவில் உட்கார வைத்திருந்தார்.

கீழே உள்ளரங்க மைதானத்தில் செங்யூ பந்தை வாங்கினான். இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் தட்டிவிட்டான். அங்கே நின்ற பையனே எதிர்பார்க்கவில்லை. பந்து அவன் நெஞ்சில் மோதி கைக்குள் விழுந்தது.

ஸோரான் சிரித்தார். “கண்ணு நல்லா இருக்கு. ஆனா தோள்ல வெறும் எலும்புதான். எங்க ஊர்ல முதல் நாளே இடிச்சுத் தள்ளுவாங்க. தாங்குவானா? கேளுங்க.”

ரூய் கேட்டாள்.

“தாங்குவானாவா!” கோச் எழுந்தே விட்டார். “போன குளிர்காலத்துல கணுக்கால் வீங்கி நிக்க முடியல. பயல் என்ன பண்ணான் தெரியுமா? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டே கூடையில எறிஞ்சான். லைட்டை அணைச்சு விரட்ட வேண்டியதாப் போச்சு. காளை மாட்டுப் பிடிவாதம்! ம், சொல்லுங்க.”

ரூய் தன் காலணியைப் பார்த்தாள்.

“உழைப்பானாம். ஓரளவுக்கு.”

“இவ்வளவு நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாரே?”

“எங்க மொழி கொஞ்சம் சுத்தி வளைக்கும்.”

கோச் அவள் முகத்தைக் கவனித்தார். “என்ன டீச்சர், காதெல்லாம் சிவந்துடுச்சு? பழமொழியில வர்ற தர்பூசணிக் கிழவி தன் பழத்தைத் தானே புகழ்ந்து விக்கிற மாதிரி இருக்கா? புகழ்றது நான். உங்களுக்கு என்ன வெட்கம்? வாயை எனக்கு வாடகைக்கு விட்டதா நினைச்சுக்கிட்டு அடிச்சு விடுங்க!”

ரூய் குடுவையைத் திறந்து வெந்நீர் குடித்தாள்.

ஸோரான் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டார்.

“கடைசியா ஒண்ணு கேக்கறேன். ஆட்டத்தைப் பார்த்தா எனக்குப் புரியும். மனசு புரியாது. அவனை தினமும் பார்க்கிறவர் இவர்தான். அங்க பேச்சு வேற, சாப்பாடு வேற, அழுதா தேத்த ஆள் கிடையாது. இவன் ஜெயிப்பானா? இவர் சொல்றதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணப் போறேன்.”

ரூய் அதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கோச்சிடம் சொன்னாள்.

கோச் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எங்க கொண்டுபோய் விட்டாலும் ஜெயிப்பான். நான் சொல்லி ஒருத்தனும் இதுவரை வெளிநாடு போனதில்லை. ஏன்னா நான் யாருக்காகவும் இப்படிச் சொன்னதில்லை. இவனுக்காக என் பேரையே அடகு வைக்கிறேன்னு சொல்லுங்க.”

எல்லாமே எளிய சொற்கள். ஏழாம் வகுப்பிலேயே அவள் சொல்லிக் கொடுப்பவை. வாக்கியம் மனதில் முழுசாகத் தயாராக இருந்தது. ரூய் வாயைத் திறந்தாள்.

“அவன் இன்னும் நிறையக் கத்துக்கணும்,” என்றாள். புகழ்ச்சியை அடக்கமாக மறுத்தே பழகிப்போன பேச்சு, தானாக வந்தது. “சாதாரணப் பையன்தான். முயற்சி பண்ணுவான்னு... கோச் நம்பறார்.”

ஸோரான் மைதானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“நல்லவேளை, கேட்டேன். என் கண்ணை மட்டும் நம்பியிருந்தா இவனைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். தினமும் பார்க்கிறவரே இவ்வளவு தயங்கினா சரிவராது. வேற பையனைப் பார்த்துக்கறோம். கோச் மனசு நோகாம நீங்களே சொல்லிடுங்க.”

“இல்ல... ஒரு நிமிஷம்.” ரூய் எழுந்தாள். “கோச் சொன்னதை நான் சரியா...”

“அருமையாப் பண்ணீங்க, மேடம்.”

அவள் கையைக் குலுக்கினார். கோச்சின் கையை இன்னும் அழுத்திக் குலுக்கி, தோளில் தட்டிக் கொடுத்தார். வெளியே கார் ஹாரன் அடித்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் படிகளில் வேகமாக இறங்கிப் போனார்.

கோச்சுக்கு வாயெல்லாம் பல். “கையை எப்படிப் பிடிச்சார் பார்த்தீங்களா! கிடைச்சாச்சு!”

மைதானத்தில் செங்யூ பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு மேலேயே பார்த்து நின்றான். கோச் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பந்து அவன் கையிலிருந்து நழுவியது. மற்ற பையன்கள் கத்திக்கொண்டு அவன்மேல் பாய்ந்தார்கள்.

“கோச்...” என்றாள் ரூய். கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

கோச் பதறிப்போய் அவள் அருகில் உட்கார்ந்தார். குரலில் கேலியும் கனிவும் இருந்தன.

“அட, எதுக்கு டீச்சர் அழுறீங்க? பெல்கிரேட் என்ன நிலாவுலயா இருக்கு? ஆனா உங்களையும் தப்பு சொல்ல முடியாது. பெத்த மகன் அவ்வளவு தூரம் போறான்னா எந்தத் தாய்க்கும் இப்படித்தான் இருக்கும்!”